படிக்க இலவசம், எழுதக் கட்டணம்



ஓர் ஆய்வுக் கட்டுரையின் மேற்பகுதியில் ‘ஓப்பன் ஆக்சஸ்’ (திறந்த அணுக்கம்) என்று போட்டிருந்தால் மகிழ்ந்துபோகிறோம். யாரும் படிக்கலாம், காசு வேண்டாம். நல்லதுதான். ஆனால் புகழ்பெற்ற இதழ்கள் பலவற்றில் அந்தக் கட்டுரை வெளிவர யாரோ ஒருவர் பணம் கட்டியிருக்கிறார். கட்டியவர் யார், எவ்வளவு, எதற்காக என்று கேட்டுப் பார்ப்போம். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசகரிடம் வாங்கிய பணத்தை இனி எழுதுபவரிடம் வாங்குவோம் என்பது சீர்திருத்தம் ஆகாது. ஆய்வுக்குப் பணம் தரும் அரசும் பல்கலைக்கழகமுமே இதழ்களையும் தம் செலவில் நடத்த வேண்டும்.

இந்த வணிகம் நடக்கும் விதத்தைப் பாருங்கள். ஆய்வுக்கான செலவில் பெரும்பங்கு மக்களின் வரிப்பணம். கட்டுரை எழுதியவருக்கு இதழ் ஒரு காசும் தருவதில்லை. அதைப் படித்துக் குறைநிறை சொல்லும் சக ஆய்வாளருக்கும் பொதுவாகக் கூலி கிடையாது. இப்படிச் சும்மா வந்த சரக்கை அதே பல்கலைக்கழகங்களின் நூலகங்களுக்கே ஆண்டுச் சந்தாவாக விற்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் இதைப் பெருந்தொழிலாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ராபர்ட் மாக்ஸ்வெல். அவருடைய பெர்கமான் நிறுவனத்தை 1991-இல் எல்சவியர் பதிப்பகம் 44 கோடி பவுனுக்கு வாங்கியது. இன்று எல்சவியரின் தாய் நிறுவனம் ரெலெக்ஸ். அதன் அறிவியல், மருத்துவப் பிரிவு 2023-இல் கண்ட லாபம் ஏறத்தாழ 38 விழுக்காடு. நூறு ரூபாய் வரவில் 38 ரூபாய்! இது எப்படி முடிகிறது? ஒரு கடையில் துவரம்பருப்பு விலை ஏறினால் அடுத்த கடைக்குப் போகலாம். ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு அடுத்த கடை கிடையாது. அது வெளியான இதழில்தான் அது இருக்கும். பெரும் அறக்கட்டளை நிதியை வைத்திருக்கும் ஹார்வர்டே, இந்தச் சந்தாக்களை இனித் தாங்க முடியாது என்று 2012-இல் தன் பேராசிரியர்களுக்கு எழுதியது என்றால், நம் ஊர்க் கல்லூரி நூலகரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

இதற்கு மாற்றாகத்தான் 2002-இல் திறந்த அணுக்கத்துக்கான புடாபெஸ்ட் அறிக்கை வந்தது. கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் இடுவது ஒரு வழி, வாசகரிடம் கட்டணம் வாங்காத இதழ்களை நடத்துவது இன்னொரு வழி என்று அது இரண்டு வழிகளைச் சொன்னது. பெரிய பதிப்பகங்கள் தொடக்கத்தில் முகம் சுளித்தன. பிறகு இரண்டாவது வழியில் தமக்கு வசதியானதைக் கண்டுகொண்டன: கட்டணத்தை ஆசிரியரிடம் வாங்குவது. ‘நேச்சர்’ இதழ் 2021-இல் திறந்த அணுக்கத்துக்கு வைத்த விலை ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. நம் கணக்கில் எட்டு லட்ச ரூபாய்க்கு மேல். இந்தியாவில் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ஓர் ஆய்வு மாணவரின் ஏறத்தாழ இரண்டாண்டு வருமானம், ஒரே ஒரு கட்டுரைக்கு! ‘ஏழை நாடுகளுக்குக் கட்டண விலக்கு உண்டே’ என்பார்கள். உண்டு. பல பதிப்பகங்கள் அந்த விலக்கைத் தருவது ‘ரிசர்ச் ஃபார் லைஃப்’ நாடுகளின் பட்டியலைப் பார்த்து. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. நாம் ஏழையாகவும் கணக்கில் வரவில்லை, கட்டும் அளவுக்குப் பணக்காரராகவும் இல்லை.

பணத்தைவிடப் பெரிய சேதம் இன்னொன்று. சந்தாவில் வாழும் இதழ் ஒரு கட்டுரையைத் திருப்பி அனுப்பினால் அதற்கு நட்டமில்லை. கட்டணத்தில் வாழும் இதழுக்கு ஏற்ற கட்டுரை ஒவ்வொன்றும் வரவு, மறுத்தது ஒவ்வொன்றும் இழப்பு. மதிப்பீட்டின் முதுகெலும்பில் இப்படி ஓர் ஆசையைக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? ‘போலி இதழ்களைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள், அவை ஓரத்தில் கிடக்கும் குப்பை’ என்று மறுப்பவர்கள் உண்டு. நம் பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதத்தில் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியதை அந்தக் குப்பைக் கணக்கிலேயே வைத்துக்கொள்வோம். ஹிந்தாவியை எதில் சேர்ப்பது? கெய்ரோவில் தொடங்கிய அந்தப் பதிப்பகத்தை, நூற்றாண்டுகள் கடந்த வைலி நிறுவனம் 2021-இல் ஏறத்தாழ 30 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. சிறப்பிதழ் சிறப்பிதழாக அங்கே பணத்துக்குப் போலிக் கட்டுரை தயாரிக்கும் ‘கட்டுரைத் தொழிற்சாலை’களின் சரக்கு நுழைந்திருந்தது தெரியவர, 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கடைசியில் அந்தப் பெயரையே வைலி கைவிட்டது. சந்தா இதழ்களிலும் மோசடி நடக்கிறது, கட்டணம் வாங்கும் இதழ்களில் நேர்மையானவையும் இருக்கின்றன; மறுக்கவில்லை. ஆனால் எந்த ஏற்பாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

‘நல்ல இதழ் நடத்தச் செலவாகும், அந்த விலை தரத்துக்கான விலை’ என்பது வலுவான மறுப்பு. செலவாகும் என்பது உண்மை. பிழைதிருத்தம், பக்க அமைப்பு, மின்காப்பகம், அலுவலக ஊதியம் எதுவும் வானத்திலிருந்து விழாது. எவ்வளவு ஆகும் என்பதே கேள்வி. மூளைப் படிமவியலின் முன்னணி இதழான ‘நியூரோஇமேஜ்’ ஒரு கட்டுரைக்கு 3,450 டாலர் வாங்கியது. குறைக்கச் சொன்னார்கள் பதிப்பாசிரியர்கள், எல்சவியர் இணங்கவில்லை. 2023 ஏப்ரலில் நாற்பதுக்கும் மேற்பட்ட பதிப்பாசிரியர்கள் ஒருசேர விலகி, எம்ஐடி பதிப்பகத்தில் ‘இமேஜிங் நியூரோசயின்ஸ்’ தொடங்கினார்கள். அங்கே அப்போது வைத்த கட்டணம் 1,600 டாலர். அதே ஆட்கள், அதே மதிப்பீடு, பாதிக்கும் குறைந்த விலை. மிச்சத் தொகை இதழின் பெயருக்கான வாடகை. அந்த 1,600-ஐக்கூட ஆசிரியர் கட்ட வேண்டியதில்லை என்று காட்டியவை தென்னமெரிக்க நாடுகள். பிரேசிலில் 1990-களின் கடைசியில் பிறந்த ‘சியெலோ’ பொதுப்பணத்தில் நடக்கும் மேடை. அதில் உள்ள இதழ்கள் பலவற்றில் படிக்கவும் கட்டணமில்லை, எழுதவும் கட்டணமில்லை. நமக்கும் இது புதிதில்லை. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதெமி தன் இதழ்களை நெடுங்காலமாக இணையத்தில் இலவசமாகத் தந்துவருகிறது.

இனி, ‘ஒரே நாடு ஒரே சந்தா’. இதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்ட, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை இசைந்த திட்டம். 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள். சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய கதவு, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பான்மையான பொறியியல் கல்லூரிகள் தனியார் கையில் இருக்கின்றன. அவை இந்தக் கதவுக்கு வெளியே. தனியார் மருத்துவமனை மருத்துவரும், பத்திரிகையாளரும், வேலை தேடும் பட்டதாரியும் வெளியே. மூன்றாண்டு முடிந்ததும் மீண்டும் அதே மேசையில் உட்கார்ந்து பேரம் பேச வேண்டும். வாடகை கொடுத்தோமே தவிர, வீடு கட்டவில்லை.

‘எல்லாம் சரி, பதவி உயர்வுக் குழு அந்தப் பெரிய இதழ்களின் பெயர்களைத்தானே கேட்கிறது’ என்று இங்கே உட்கார்ந்திருக்கும் இளம் பேராசிரியர் நினைக்கலாம். நியாயமான கவலை. இளையவரைத் தியாகி ஆகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்தக் குழுவில் இருப்பவர்கள் பதிப்பகத்தார் அல்லர், நம் பேராசிரியர்களே. இதழின் பெயரை எண்ணாமல் கட்டுரையைப் படித்து மதிப்பிடுவது என்று ஒரு பல்கலைக்கழக ஆட்சிமன்றம் தீர்மானம் போட லண்டன், ஆம்ஸ்டர்டாம் பதிப்பகங்களைக் கேட்க வேண்டியதில்லை. ‘ஒரே சந்தா’வின் அடுத்த ஒப்பந்தம் 2027-க்குள் பேசப்படும். அந்த 6,000 கோடியில் நூற்றில் ஒரு பங்கு 60 கோடி. அதைப் பல்கலைக்கழக இதழ்களின் பதிப்பாசிரியர் ஊதியத்துக்கும் மின்காப்பகத்துக்கும் ஒதுக்கு என்று இங்கே கூடியிருக்கும் நூலகர் சங்கம் இன்றே தீர்மானம் எழுதலாம். மத்திய அறிவியல் துறைகளின் நிதியில் நடந்த ஆய்வுகளைப் பொதுக் களஞ்சியத்தில் இட வேண்டும் என்ற கொள்கை 2014-இலிருந்தே இருக்கிறது. உங்கள் கல்லூரிக் களஞ்சியத்தில் எத்தனை கட்டுரைகள் ஏறியிருக்கின்றன என்று நாளைக் காலை எண்ணிப் பாருங்கள்; அந்த எண்ணிக்கையை ஆட்சிமன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.