பஜனை வீதியில் விளைந்த சாகித்தியம்



தமிழ்த் தியாகையர் என்று போற்றப்பெறும் பாபநாசம் சிவன், கீர்த்தனம் இயற்றும் வித்தையை எந்தப் பள்ளியில் பயின்றார்? கோயில் வீதியில் பாடிச் செல்லும் பஜனை கோஷ்டியே அவருக்குப் பள்ளி.

1890-இல் தஞ்சைத் தரணியைச் சார்ந்த போலகத்தில் பிறந்தவர். பிள்ளைத் திருநாமம் இராமய்யா. ஏழாம் பிராயத்தில் தந்தையார் மறைந்தார். அன்னை யோகாம்பாள் மக்களோடு 1899-இல் திருவனந்தபுரம் சேர்ந்தார். அங்கே வடமொழிக் கல்லூரியில் வியாகரணம் பயின்று பட்டமும் பெற்றார் இராமய்யா. ஆனால் அவர் உள்ளத்தைப் பறித்தவை இலக்கணச் சூத்திரங்கள் அல்ல. நீலகண்ட சிவனாருடைய பக்திப் பாடல்கள். அப்பெரியார் 1900-இல் சிவபதம் எய்தினார். அவர் பாடல்களோ அடியார் நாவில் வாழ்ந்தன.

பஜனையின் முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். முன்னே நிற்பவர் ஓரடி பாடுவார். பின்னே வரும் கூட்டம் அதனை வாங்கிப் பாடும். கையிலே ஜாலரா. (அச்சொல்லுக்கு இன்று ஏச்சுப் பொருள் வந்துவிட்டது, பாவம், அது தாளத்தின் குற்றம் அன்று!) ஏடறியாத முதியவரும், தூக்கம் கலையாத சிறுவரும் அக்கூட்டத்தில் உண்டு. அடி நீண்டால் மூச்சு முட்டும், சொல் முறுக்கேறினால் நாக்குத் தடுமாறும், கோஷ்டியே சிதறிப்போகும். இலக்கணப் பட்டம் பெற்ற புலவர் கடுநடையில் பாட நினைத்திருந்தால் தடுப்பார் யார்? கேட்டவுடனே பற்றிக்கொள்ளும் எளிய தமிழை அவர் கைக்கொண்டதற்குக் காரணம், திருப்பிப் பாட வேண்டிய அந்தக் கூட்டமே எனலாம்.

1910-இல் அன்னையும் மறைந்தார். பற்றுக்கோடு இழந்த இளைஞர் தலந்தோறும் பாடித் திரிந்தார். தமையனார் வாழ்ந்த பாபநாசத்துக்கு மேனியெல்லாம் திருநீறு துலங்க அவர் வந்தபோது, ஊரார் அவரைச் சிவனென்றே அழைத்தனர். அப்பெயரே நிலைத்தது. கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரின் பாட்டை அருகிருந்து கேட்டுக் கேட்டு இசையறிவு முதிர்ந்தது. பிறர் பாடல்களையே பாடிவந்த நா, திருவாரூர்த் தியாகேசர் சந்நிதியில் முதன்முதலாகச் சொந்தச் சாகித்தியம் பாடியது. குந்தலவராளி இராகத்தில் அமைந்த அப்பாடல், இறைவனைத் துதிப்பதற்கே அவன் அருளை வேண்டுவது.

பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான கீர்த்தனங்கள் பிறந்தன. திரைப்படப் புகழும் வந்தது. 1971-இல் சங்கீத கலாநிதி விருதும் கிடைத்தது. ஆயினும் மார்கழி பிறந்தால் மயிலைக் கபாலீச்சரத்தின் மாடவீதிகளில், வைகறைப் பனியில், அடியார் புடைசூழ அவர் பாடி நடந்தார். அவர் ஓரடி பாட, கூட்டம் அதனை வாங்கிப் பாடிற்று.