புறவாசலில் நான்கு முழ மண்

(மதரஸா ஆண்டு விழாவில் பெற்றோர்கள் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய இறுதித் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத் தலைவர் அவர்களே, நிர்வாகப் பெருமக்களே, மதிப்பிற்குரிய இமாம் ஹஜ்ரத் அவர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, மதரஸாவின் மழலைச் செல்வங்களே!

பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பெற்றோர்களுக்கு நான்கு வார்த்தை சொல்லும்படி நிர்வாகிகள் என்னைப் பணித்தார்கள். நான் ஆலிம் அல்லன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நான், பிள்ளை வளர்ப்பின் ஒரு பாடத்தை என் வீட்டுப் புறவாசலில், என் பேரப்பிள்ளைகளிடம்தான் கற்றேன். அதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இது பங்குனி மாதம். நம் சேத்தூரில் மேற்கே தலை நிமிர்ந்தால் மலை தெரிகிறது. வேம்பு பூத்துத் தெருவெல்லாம் மணக்கிறது. இராஜபாளையத்துத் தோப்புகளில் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் பிஞ்சு பிடித்து நிற்கின்றன. அடுத்து வரும் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று நம் முன்னோர் வகுத்தார்கள். அரபு மொழியில் ‘ரபீஉ’ என்ற சொல்லுக்கு வசந்தம் என்று பொருள். ரபீஉல் அவ்வல், ரபீஉல் ஆகிர் என்ற மாதப் பெயர்களில் அச்சொல்லைக் காண்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஒரு துஆவில், திருக்குர்ஆனை என் உள்ளத்தின் வசந்தமாக ஆக்குவாயாக என்று இறைவனிடம் கேட்கும்படி வருகிறது. காய்ந்த நிலம் துளிர்ப்பதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கே அந்த துஆவின் பொருள் முழுமையாக விளங்கும். நம் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி கிடைக்கிறதா என்பதே என் கேள்வி.

என் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு கொய்யா, வேலியோரம் மல்லிகைக் கொடி ஆகியவை இருந்தன. அனைத்தும் என் துணைவியார் வைத்தவை. அவர் இறையடி சேர்ந்த பின் சருகைக் கூட்டுவதற்கு ஆளில்லை என்று சொல்லி, மரங்களை வெட்டிவிட்டு முழுவதும் சிமெண்ட் தளம் போட்டுவிட்டேன். வாசல் சுத்தமாயிற்று என்று பெருமையாகவும் இருந்தது. அப்படிச் செய்தவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்பது உங்களுக்குத் தெரியும்.

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அதுவும் இதே பங்குனி மாதம்தான். நான்கு நாள் தங்கிப் போகலாம் என்று வந்த என் மகளும், ஆறு வயதும் நான்கு வயதுமான இரண்டு பேரப்பிள்ளைகளும் எங்கள் வீட்டிலேயே தங்க நேர்ந்தது. மருமகனார் வேலை பார்த்த ஊரிலேயே நின்றுவிட்டார். பள்ளிவாசலில் ஜமாஅத்துத் தொழுகை இல்லை. தெருவில் விளையாட வழியில்லை. பிள்ளைகள் காலை முதல் இரவு வரை கைப்பேசியிலேயே கிடந்தார்கள். பிடுங்கினால் அழுகை, கொடுத்தால் மௌனம். அழுகையை விட அந்த மௌனம்தான் எனக்கு அச்சத்தைத் தந்தது.

ஒருநாள் நான் உளூச் செய்துகொண்டிருந்தேன். சிமெண்ட் தளத்தில் ஓடிய தண்ணீரைப் பார்த்த சின்னவன், “இது எங்கே போகுது நன்னா?” என்று கேட்டான். சாக்கடைக்குப் போகிறது என்று சொன்னேன். “அங்கே யார் குடிப்பாங்க?” என்றான். எனக்கு விடை தெரியவில்லை. அன்று அஸருக்குப் பின் கடப்பாரையை எடுத்து, நீளம் நான்கு முழம், அகலம் இரண்டு முழம் அளவுக்குத் தளத்தைப் பெயர்த்தேன். கீழே மண் வெளுத்து இறுகிக் கிடந்தது. சாம்பலும், மட்கிய சாணமும் கலந்து நீர் ஊற்றி இரண்டு நாள் ஆறவிட்டோம்.

கடைகள் சரிவரத் திறக்காத காலம். ஆகவே அஞ்சறைப் பெட்டியில் இருந்த வெந்தயத்தையே விதைத்தோம். முதல் விதைப்பை எறும்புகள் எடுத்துக்கொண்டன. இரண்டாம் விதைப்பு, நான் இருவேளையும் அள்ளி ஊற்றிய தண்ணீரில் அழுகிற்று. மூன்றாம் விதைப்பு மூன்றாம் நாளே முளைத்தது. பிள்ளைகள் என்னை ஸுபுஹு நேரத்தில் எழுப்பத் தொடங்கினார்கள்.

இப்போது நான் வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருநாள் காலை, சின்னவன் முளைத்த செடிகளில் பாதியைப் பிடுங்கி வரிசையாகத் தரையில் வைத்திருந்தான். நான் ஓங்கிக் கத்திவிட்டேன். குழந்தை நடுங்கிப்போய், “தண்ணி குடிச்சுதான்னு வேரைப் பார்த்தேன் நன்னா” என்றான். அதன் பிறகு இரண்டு நாள் அவன் புறவாசல் பக்கமே வரவில்லை. மீண்டும் கைப்பேசிக்கே போய்விட்டான். காசு பெறாத வெந்தயச் செடிக்காக ஒரு குழந்தையின் உள்ளத்தை நான் மிதித்துவிட்டேன்.

அந்த இரண்டு நாளும் மதீனாவின் ஒரு வீடு என் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அது அபூதல்ஹா (ரலி) அவர்களும் உம்மு ஸுலைம் (ரலி) அவர்களும் வாழ்ந்த வீடு. அவ்வீட்டில் அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு சிறு குருவியை வளர்த்து வந்தார். குருவி இறந்துவிட்டது. அவ்வீட்டுக்கு வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறுவரின் வாட்டத்தைக் கண்டு காரணம் அறிந்தார்கள். பெரியவர்களை விளிப்பது போல அவரைப் பெயர் சொல்லி அழைத்து, குருவிக்கு என்ன ஆயிற்று என்று அன்போடு விசாரித்தார்கள். இதனை அச்சிறுவரின் சகோதரர் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஒரு சமுதாயத்தையே வழிநடத்திய தலைவருக்கு, ஒரு குழந்தையின் குருவியைக் கேட்க நேரமிருந்தது!

அதே அபூதல்ஹா (ரலி) அவர்கள்தாம் மதீனத்து அன்ஸாரிகளில் பேரீச்சந் தோட்டங்கள் மிகுந்தவர். அவற்றுள் அவருக்கு மிக விருப்பமான பைருஹா தோட்டம் பள்ளிவாசலுக்கு எதிரே இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்கு சென்று அதன் இனிய நீரைப் பருகுவார்கள். விருப்பமானதைச் செலவிடாத வரை நன்மையை அடைய முடியாது என்ற கருத்துடைய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 92ஆம் வசனம் இறங்கியபோது, அபூதல்ஹா (ரலி) அத்தோட்டத்தையே அல்லாஹ்வுக்காக அளித்தார்கள். நெருங்கிய உறவினர்களுக்கே பங்கிடும்படி நபிகள் (ஸல்) அவர்கள் அறிவுரை வழங்கினார்கள். தோட்டமும், குழந்தையும், குருவியும், தர்மமும் ஒரே குடும்பத்தில் இணைந்திருந்ததைக் கவனியுங்கள்.

மூன்றாம் நாள் நான் என் பேரனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு செடியை நானே பிடுங்கி, அவனுடைய உள்ளங்கையில் வைத்து வேரைக் காட்டினேன். மீதியை இருவருமாக மீண்டும் விதைத்தோம். அந்த ஆண்டு ரமலானில் வீட்டிலேயே நோன்புக் கஞ்சி காய்ச்சினோம். சமையலுக்கு வாங்கிய புதினாக் கட்டிலிருந்து நட்ட தண்டுகள் வேர் பிடித்திருந்தன. கடைசிப் பத்தில் அந்தப் புதினா இலைகள் கஞ்சியில் விழுந்தன. மூத்தவள், நோன்பு நோற்காத வயதிலும், இஃப்தாருக்குத் தன் பங்கை அளித்துவிட்டதாகத் தன் அத்தாவிடம் தொலைபேசியில் கூறி மகிழ்ந்தாள்.

பெற்றோர்களே! 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் அமர்ந்து திரை பார்ப்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது. அதனினும் குறைந்தால் நல்லது. அவ்வயதினர் நாள்தோறும் மூன்று மணி நேரமாவது உடல் அசைந்து விளையாட வேண்டும். இவை அதில் உள்ள செய்திகள். தாய்மார்களைக் குறை கூற நான் இதைச் சொல்லவில்லை. தளவாய்புரம், செட்டியார்பட்டி வட்டாரம் நைட்டித் தையலுக்குப் பெயர் பெற்றது. எண்ணிக்கைக்குக் கூலி பெறும் தாய், தையல் இயந்திரத்தில் அமர்ந்திருக்கும்போது பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுப்பது சோம்பலால் அன்று, வேறு வழியின்மையால். அந்த வேறு வழியை அமைத்துக் கொடுப்பது தந்தையின் கடமை. பாட்டனார், பாட்டியாரின் கடமை.

அதற்குப் பெரிய நிலம் வேண்டாம். இளவேனில் வெயிலில் தொடங்குவோர் சிறு பிள்ளைகளின் பொறுமைக்கேற்பப் பயிரைத் தேர்ந்தெடுங்கள். வெந்தயம் சில நாட்களில் முளைக்கும். சிறுகீரையும் தண்டுக்கீரையும் மூன்று, நான்கு வாரங்களில் பறிப்புக்கு வரும். வெண்டை ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் காய்க்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 முருங்கை விதையிலிருந்தே வளர்ந்து, ஆறு மாத அளவில் காய்ப்புக்கு வரும். கொத்தமல்லிக்குக் கோடை வெயில் ஆகாது, நிழலில் வையுங்கள். வயதுக்கேற்ற வேலையைக் கொடுங்கள். மூன்று வயதுப் பிள்ளை குவளையால் ஊற்றட்டும். ஆறு வயதுப் பிள்ளை முளைத்த நாளைக் குறித்து வைக்கட்டும். தவறினால் கத்தாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் என்னிடமிருந்து எடுத்துச் செல்லுங்கள்.

தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவுத் தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸ்களில் வருகிறது. இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு அது. முக்கால் லிட்டருக்கும் குறைவு. நாமோ குழாயைத் திறந்துவிட்டுப் பேச்சும் பேசி உளூச் செய்கிறோம். முதலில் அதைக் குறைப்போம். உளூச் செய்த தண்ணீர் தூய்மையானதே என்பதும், அதைக் கொண்டு மீண்டும் உளூச் செய்ய முடியாது என்பதும் ஹனஃபீ, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் நிலைப்பாடு. எனவே அதைச் செடிக்கு ஊற்றத் தடையில்லை. குளியலறையின் சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடாதீர்கள். வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடுங்கள். வாளியிலும் தொட்டியிலும் நீரைத் தேக்கி வைக்காமல், வாரம் ஒருமுறையேனும் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு அங்கேதான் முட்டையிடும்.

மேலும், மண்ணை முழுவதும் மூடிவிட்டால் மழைநீர் எங்கே இறங்கும்? மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் சட்டத்துக்காக ஒரு குழாயை இறக்கிவிட்டு வாசல் முழுவதும் சிமெண்ட் பூசினால், பெய்யும் மழை தெருவோடு போய்விடுகிறது. திறந்த மண்ணே மிக எளிய சேகரிப்புத் தொட்டி.

ஆகவே ஜமாஅத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, புது வீடு கட்டுவோர் புறவாசலில் நான்கு முழ மண்ணையேனும் மூடாமல் விடுங்கள். இரண்டாவது, பள்ளிவாசலில் உளூச் செய்யும் இடத்து நீரை நிழல் தரும் மரங்களுக்குத் திருப்ப நிர்வாகம் ஏற்பாடு செய்யட்டும். மூன்றாவது, ஆண்டு விழாவில் பரிசளிக்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொட்டலம் கீரை விதையும் சேர்த்துக் கொடுங்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் தந்தையர் பிள்ளையிடம் பேசும்போது, மதிப்பெண்ணைக் கேட்கும் முன் செடியைக் கேட்கட்டும். அபூ உமைருக்குக் கிடைத்த விசாரிப்பு அவர்களுக்கும் கிடைக்கட்டும்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைப் புகாரியில் காண்கிறோம். அந்த ஊரடங்கு ஆண்டின் மழைக்காலத்தில், இன்னும் கொஞ்சம் சிமெண்டைப் பெயர்த்து ஒரு கொய்யாக் கன்று வைத்தோம். என் துணைவியார் வைத்த கொய்யா நின்ற அதே இடம். இன்று அது காய்க்கிறது. பாதியை அணிலும் கிளியும் எடுத்துக்கொள்கின்றன. விரட்டட்டுமா என்று நான் கேட்டால், “வேண்டாம் நன்னா, அது நன்னி கணக்கு” என்கிறான் சின்னவன். நான் வெட்டி மூடிய கணக்கை அந்தப் பிள்ளை திறந்து வைத்திருக்கிறான்.

மறுமை நாள் வந்துவிட்ட வேளையிலும் கையில் கன்று இருந்தால், முடிந்தால் அதை நட்டுவிடும்படி நமக்கு வழிகாட்டப்பட்டிருக்கிறது. நமக்கோ இன்னும் ஒரு பங்குனி கையில் இருக்கிறது. மண்ணையும் மழலையரையும் பொறுமையோடு பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! நம் மறைந்த முன்னோர்களின் கப்றுகளை விசாலமாக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.