ஃபார்மலினும் கிருமியின் தற்காப்பும்



பிரேதம் அழுகாமலிருக்க வைத்தியக் கல்லூரிகளில் உபயோகிக்கும் ஃபார்மலினை உங்களில் பலர் அறிந்திருக்கலாம். ஃபார்மால்டிஹைடு என்னும் விஷவாயு, தண்ணீரில் 100-க்குச் சுமார் 37 பங்கு கரைந்திருப்பதே அது. ஆல்டிஹைடு இனத்தைச் சேர்ந்த இவ்விஷம் உயிரணுவுக்குள் புகுந்தால், புரதங்களையும் டி.என்.ஏ.வையும் பிணைத்து முடக்கிவிடும். இதனாலேயே அது கிருமிநாசினியாகவும் பயன்படுகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதென்று, உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் முடிவு செய்தது.

அப்பேர்ப்பட்ட விஷத்தை நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா ஓரளவு சமாளிக்கிறதே, எப்படி? யாராவது வரங்கொடுத்தார்களா? மந்திரம் சொல்லிக்கொடுத்தார்களா? ஒன்றுமில்லை. அதனிடம் ஒரு நொதி இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்நொதியைச் செய்யும் டி.என்.ஏ. பகுதியின்மேல் ஒரு புரதம் பூட்டுப்போல் உட்கார்ந்திருக்கிறது. விஷம் வந்து அப்பூட்டையே பற்றிக்கொள்ள, பூட்டுக் கழன்றுவிடுகிறது, நொதி உற்பத்தியாகிறது. விஷமானது குளூட்டாதயோன் என்ற சிறு பொருளோடு சேர்ந்து நிற்கையில் நொதி அதை உருமாற்றுகிறது. பின் மற்றொரு நொதி அதைப் பிரித்து, ஃபார்மேட்டாக வெளிவிடுகிறது. இது எறும்புக்கடியிலுள்ள அமிலத்தைச் சேர்ந்த பொருள். ஃபார்மால்டிஹைடைவிடத் தீங்கு குறைந்தது. சுமையிறக்கிய குளூட்டாதயோன் அடுத்த சுமைக்குத் திரும்பிவிடுகிறது.

இதில் வெட்கப்பட வேண்டிய சங்கதி ஒன்றுண்டு. நம் உடம்பிலும் ஃபார்மால்டிஹைடு சிறிதளவு உண்டாகிக்கொண்டேயிருக்கிறது. அதைத் தீர்ப்பதும் இதே குடும்பத்து நொதிதான். மேலான பிறவி என்று கர்வங்கொள்ளும் மனிதனுக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கும் கருவி ஒன்றே!

இனி நமக்குள்ள அபாயத்தைக் கவனியுங்கள். சில ஈ.கோலைகளில் இந்நொதிக்குரிய மரபணு, கிருமிக்குக் கிருமி கைமாறக்கூடிய சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதாக 1996-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். ஆகவே, சிக்கனமென்று கிருமிநாசினியை நீர்க்கக் கலந்து தெளித்தால் என்னவாகும்? வலுவற்றவை சாகும், வலுத்தவை பிழைத்துப் பெருகும். அழுக்கின்மேலேயே தெளித்தாலோ, மருந்தின் சக்தி அழுக்கிலேயே செலவாகிவிடும்.

எனவே முதலில் கழுவுங்கள்; பிறகு சொல்லிய அளவில், சொல்லிய நேரம் மருந்தை இருக்கவிடுங்கள். அளவுக்கு மேல் போனால் அது நமக்கே விஷம். அளவுமறியாமல், நேரமும் பாராமல், “மருந்து தெளித்தாகிவிட்டது” என்று நிம்மதியாயிருப்பது தாயத்துக் கட்டிக்கொண்டு நிம்மதியாயிருப்பதைவிட எவ்விதத்தில் மேல் என்று யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.