பாண் சாப்பிட்டுவிட்டு ஓடும் பிள்ளை



விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் மன்னார் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் வேறு பேச்சு இல்லை. பெரியமடுவிலும் அப்படித்தான். பிள்ளைகள் காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, வெயில் ஏறுமுன் மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்கிவிடுவார்கள். அப்படி ஓடுகிறவர்களில் யாரோ ஒருவருக்கு வரக்கூடிய, அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு வருத்தத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். உடற்பயிற்சியால் கிளம்பும் ஒவ்வாமை அது.

ஓட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் கடிக்கும். உடம்பு தகதகவென்று சூடாகும். பிறகு கழுத்திலும் வயிற்றிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பும். வியர்க்கும்போது சிலருக்கு வரும் ஊசிமுனை அளவுப் பருக்கள் வேறு. இந்தத் தடிப்புகள் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் அகலமானவை. கண் இமை வீங்கும், உதடு தடிக்கும். அந்த இடத்திலேயே நின்றுவிட்டால் பலருக்கு அத்தோடு தணிந்துவிடும். "இன்னும் ஒரு சுற்றுத்தானே, ஓடு" என்று யாராவது சொல்லி, பிள்ளையும் ஓடினால்தான் ஆபத்து. வயிறு முறுக்கிச் சத்தி வரும். தொண்டை இறுகும், இழுப்புச் சத்தம் கேட்கும். இரத்த அழுத்தம் விழுந்து பிள்ளை சுருண்டு விழும்.

இதை மருத்துவ உலகமே பிந்தித்தான் கண்டுகொண்டது. 1979ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்றில் மூன்று வைத்தியர்கள் ஒரு நெடுந்தூர ஓட்டக்காரரைப் பற்றி எழுதினார்கள். ஓடு உள்ள கடலுணவைச் சாப்பிட்டுவிட்டு ஓடியபோதுதான் அவருக்கு இந்த வருத்தம் வந்தது. அடுத்த வருடமே ஷெஃபர், ஓஸ்ரின் என்ற இரு வைத்தியர்கள் இதேபோன்ற பதினாறு பேரின் விபரத்தை வெளியிட்டார்கள். பின்னர் ஜப்பானில் நடந்த ஆய்வுகளில் கோதுமையும் இறால், நண்டு வகைகளும் முன்னுக்கு வந்தன. கோதுமையில் உள்ள ஒமேகா-5 கிளியடின் என்ற புரதமே பெரும்பாலும் காரணம் என்பதும் தெரியவந்தது.

கோதுமை, இறால், நண்டு. இந்த மூன்றும் இல்லாமல் மன்னாரில் எந்த வீட்டு அடுப்பு எரிகிறது, சொல்லுங்கள்?

இந்த வருத்தம் இத்தனை காலம் ஒளிந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. உணவோடு சேர்ந்து வருகிறவர்களுக்கு, பாணைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தால் ஒன்றும் செய்யாது. வெறும் வயிற்றோடு ஓடினாலும் ஒன்றும் செய்யாது. இரண்டும் சேரும்போதுதான் வரும், அதுவும் எல்லா நாளும் வராது. அதனால் வீட்டில் ஒருநாள் வெயில் என்பார்கள், இன்னொருநாள் கண்ணூறு என்பார்கள். இறால் கிரந்தி என்று ஒதுக்கிவைக்கிற அம்மாமார்கூடப் பாணைச் சந்தேகப்படுவதில்லை. அது தினமும் சாப்பிடுகிற சாப்பாடு அல்லவா? நோன்பு காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோன்பு திறந்து ரோல்ஸும் சமோசாவும் சாப்பிட்டுவிட்டு, இரவில் இளைஞர்கள் கிரிக்கெட் விளையாடப் போவார்கள். கோதுமையும் ஓட்டமும் ஒரு மணித்தியாலத்துக்குள் சேர்ந்துவிடுகின்றன.

வேறு சில காரணங்களும் இதற்குத் துணைபோகும். மேல்வலிக்குப் போடும் அஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனக் போன்ற குளிசைகள் அவற்றில் முக்கியமானவை. மதுபானம், காய்ச்சல், புழுக்கம், பெண்களுக்கு மாதவிலக்குக் காலம் ஆகியவையும் சேரும். விளையாட்டு வீரர்களுக்கு மட்டும்தான் வரும் என்றும் எண்ணவேண்டாம். வேகமாக நடந்தவருக்கும் தோட்டம் கொத்தியவருக்கும் வந்திருக்கிறது. காலையில் ரொட்டி சாப்பிட்டு, நாரி நோவுக்கு ஒரு குளிசையும் போட்டுவிட்டு, நெல் மூட்டை தூக்கப் போகிற கமக்காரருக்கும் வரலாம். கரைவலை இழுக்கிறவருக்கும் வரலாம்.

அப்படியானால் பிள்ளையை ஓடவேண்டாம் என்று மறித்துவிடலாமா? கூடாது. ஓட ஆசைப்படுகிற பிள்ளையை ஆயுள் முழுக்க மரத்தடியில் இருத்திவைப்பது வைத்தியம் ஆகாது. உணவோடு சேர்ந்து வருகிறவர்கள் அந்த உணவுக்கும் ஓட்டத்துக்கும் இடையில் நாலு முதல் ஆறு மணித்தியாலம் இடைவெளி விடவேண்டும். பயிற்சி நாளில் காலைச் சாப்பாட்டை மாற்றினால் போதும். இங்கேதான் ஒரு சின்ன விஷயத்தில் கவனம் வேண்டும். பாண் இல்லை, இடியப்பம்தான் கொடுத்தேன் என்பீர்கள். எங்கள் பக்கத்தில் வெள்ளை இடியப்பம் பெரும்பாலும் அவித்த கோதுமை மாவில் பிழிந்தது. புட்டுக்கும் அரிசி மாவோடு கோதுமை மா கலப்பதுண்டு. தனி அரிசி மா, அல்லது சோறு, அல்லது மரவள்ளி என்றால் கோதுமைப் பயம் இல்லை. எந்த உணவும் சேராமல் ஓட்டத்தாலேயே வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முதல் கடியிலேயே நிற்கப் பழகவேண்டும், தனியாக ஓடப் போகவே கூடாது.

எது காரணம் என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். எப்போது, என்ன சாப்பிட்டு, எவ்வளவு நேரத்தில் வந்தது, என்ன குளிசை போட்டிருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். தேவையென்றால் பரிசோதனைக்கு அவர் அனுப்புவார். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்கிறார்கள்.

கடுமையாக வந்துவிட்டால் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. பிரிட்டோன் குளிசை சொறியைத் தணிக்கும். விழுந்த இரத்த அழுத்தத்தைத் தூக்காது, இறுகிய தொண்டையைத் திறக்காது. இதற்கு எங்கள் நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. பாம்புக்கடிக்குக் கொடுக்கும் விஷமுறி மருந்தாலும் கடும் ஒவ்வாமை வரும். அதை எப்படி முன்கூட்டித் தடுப்பது என்று இலங்கை வைத்தியர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடம் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்தபோது முதல் ஒரு மணித்தியாலத்தில் கடும் எதிர்விளைவுகள் 43 சதவீதம் குறைந்தன. அதே ஆய்வில் சோதித்த, வழக்கமாகக் கொடுத்துவந்த வேறு இரண்டு மருந்துகளும் அந்தளவுக்குக் கைகொடுக்கவில்லை. அட்ரினலின் மலிவான மருந்து. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். தானாகவே குத்தும் பேனா வடிவ ஊசி விலை கூடியது, எளிதில் கிடைப்பதுமில்லை. ஒருமுறை கடுமையாக வந்தவர்கள், வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் வைத்திருக்க என்ன வழி என்று வைத்தியரிடம் கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

விழுந்த பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்திருக்க விடலாம். சுற்றி நிற்கிறவர்கள் "எழும்பு, எழும்பு" என்று தூக்கி நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். இந்த வருத்தத்தில் அது உயிராபத்து. படுத்திருந்தவர் திடீரென நிமிர்ந்ததும் இதயம் நின்றுபோன சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. தடிப்பு மறைந்துவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டிப்போகவும் வேண்டாம். சில மணித்தியாலம் கழித்து அது திரும்பவும் வரலாம். வைத்தியசாலையில் வைத்துப் பார்க்கவேண்டும்.

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அது ஒவ்வாமையால் நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஓட்டப் பாதையில் ஒரு பிள்ளை விழுந்தால் யார் ஓடிப்போவது, எந்த வாகனம், எந்த வைத்தியசாலை என்பதெல்லாம் முதல் நாளே தீர்மானமாகியிருக்க வேண்டும் என்று அந்த இழப்பு எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் சொல்கிறது. பெரியமடுவிலிருந்து மன்னார் பெரியாஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இல்லை. தூரத்தில் இருக்கிற ஊருக்குத்தான் ஆயத்தம் கூட வேண்டும்.

விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டிக்குப் பெயர் எடுக்கும்போது, ஓடும்போது யாருக்காவது உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா, மயக்கம் வந்ததா என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேளுங்கள். ஆம் என்று சொல்லும் பிள்ளையை ஏசாமல், பெற்றோரோடு வைத்தியரிடம் அனுப்புங்கள். அவசரத்துக்கு அழைக்க, இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையிலிருந்து வட மாகாணத்திலும் இயங்குகிறது. அதன் தொலைபேசி இலக்கம் 1990.