326-ஆம் எண்ணைத் தாண்டி



1871 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலிருந்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் ஒன்பது பேர் புறப்பட்டார்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகவே பிறந்தவர்கள். 1866-இல் பழைய ராணுவ மருத்துவமனைக் கொட்டகைகளில் தொடங்கிய அவர்களுடைய கல்வி நிறுவனம், கடன் தாங்காமல் மூடப்படும் நிலையில் இருந்தது. இசையும் கற்பித்துவந்த பொருளாளர் ஜார்ஜ் வைட், ஊர் ஊராகப் பாடி நிதி திரட்டலாம் என்று அவர்களை அழைத்துப் போனார்.

முதலில் அவர்கள் பாடியது அந்தக் கால மேடைகளுக்குப் பழக்கமான பாடல்களை. பருத்திக் காட்டிலும் ரகசிய வழிபாட்டிலும் தங்கள் பெற்றோர் பாடிய ‘ஸ்பிரிச்சுவல்’ பாடல்களை வெளியார் முன் பாட அவர்களுக்கு மனம் வரவில்லை. குழுவின் பியானோ கலைஞர் எல்லா ஷெப்பர்ட் பின்னாளில் இதை எழுதியிருக்கிறார்: அந்தப் பாடல்கள் அடிமைக் காலத்தை நினைவூட்டின, அதோடு அவை பெற்றோருக்குப் புனிதமானவை. மூடிய அறைக்குள்தான் பாடிப் பார்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஓபர்லின் நகரில் கூடியிருந்த மதகுருமார்களின் முன் அவற்றைப் பாடியபோது பயணத்தின் போக்கே மாறியது. 1873-இல் விக்டோரியா மகாராணி அந்தப் பாட்டைக் கேட்டார். வசூலான பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் என்ற கட்டடம் 1876-இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்றும் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் அக்டோபர் 6-ஐ ஜூபிலி நாளாகக் கொண்டாடுகிறது.

கொண்டாட்டம் என்றால் மேளதாளம் என்று நினைக்கிறோம். ஃபிஸ்க் மாணவர்களுக்கு அது, யாரிடம் எதைப் பாடுவது, எதை நமக்குள் வைத்துக்கொள்வது என்ற கடினமான முடிவாக இருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கறுப்பினத்தாரின் வரலாறும் பண்பாடும் இடம்பிடித்த கதை முழுக்க இப்படிப்பட்ட முடிவுகளால் ஆனது. மாணவர்கள் கேட்டார்கள், ஆசிரியர்கள் எழுதினார்கள், நூலகர்கள் சேர்த்துவைத்தார்கள்.

கார்ட்டர் வுட்சன் அந்த ஆசிரியர்களில் ஒருவர். 1875-இல் வர்ஜீனியாவில், அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். வரலாற்று நூல்களில் தம் மக்கள் இல்லை என்பதைப் பட்டம் பெற்ற பிறகும் அவர் மறக்கவில்லை. 1915-இல் ஓர் ஆய்வுச் சங்கம், 1916-இல் ஓர் ஆய்விதழ், 1926 பிப்ரவரியில் ஒரு கறுப்பின வரலாற்று வாரம் என்று ஒவ்வொன்றாகத் தொடங்கினார். லிங்கனின் பிறந்தநாளும், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து அதற்கு எதிராகப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாளாக மக்கள் கொண்டாடிய பிப்ரவரி 14-உம் வரும் வாரம் அது. ஆண்டு முழுவதும் படித்ததை மாணவர்கள் எடுத்துக்காட்டும் வாரமாக அதை அவர் நினைத்தார். ஒரு வாரத்தோடு முடித்துக்கொள்வது அவர் எண்ணமில்லை.

படிப்பதற்குப் புத்தகம் வேண்டுமே. அதற்கு வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அங்கே படித்த ஜெஸ்ஸி மூர்லண்ட் 1914-இல் தம் சொந்த நூல் சேகரிப்பை, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களையும் ஆவணங்களையும், பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தார். 1930-இல் அதன் பொறுப்பு டோரத்தி போர்ட்டர் என்ற இளம் நூலகரிடம் வந்தது. அப்போது பரவலாகப் புழக்கத்தில் இருந்த டூயி தசமப் பகுப்பு முறையில், கறுப்பின மக்கள் தொடர்பான எதையும் நூலகர்கள் இரண்டு எண்களுக்குள் தள்ளிவிடுவார்கள். 325 குடியேற்றத்துக்கு, 326 அடிமை முறைக்கு. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதை நூலைக்கூட 325-இல் வைத்த நூலகங்கள் உண்டு. கவிஞர் கறுப்பர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

போர்ட்டர் அந்த வழக்கத்தை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையோடும், இசையை இசையோடும், மருத்துவத்தை மருத்துவத்தோடும் வைத்தார்.

வாங்கக் காசில்லை. பதிப்பாளர்களுக்கும் பழைய புத்தக வியாபாரிகளுக்கும் கடிதம் எழுதி இனாமாகக் கேட்டார். யாராவது பெரியவர் இறந்துவிட்டால், வாரிசுகள் பரணையும் நிலவறையையும் காலி செய்து குப்பையில் போடுமுன் அந்த வீட்டுக்குப் போய் நின்றார். 1973-இல் ஓய்வு பெறும்வரை, 43 ஆண்டுகள் இதே வேலை. இன்று மூர்லண்ட்-ஸ்பின்கார்ன் ஆய்வு மையம் என்று பெயர் பெற்றிருக்கும் அந்தச் சேகரிப்பைத் தொடாமல் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றை எழுதுவது கடினம்.

வெள்ளையர் பெரும்பான்மையாகப் படித்த பல்கலைக்கழகங்களில் இந்த வரலாற்றுக்கு இடம் தானாகக் கிடைக்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கமும் மற்றச் சிறுபான்மை மாணவர்களின் கூட்டணியும் 1968 நவம்பர் 6-இல் வகுப்புப் புறக்கணிப்புப் போராட்டத்தில் இறங்கின. தடியடி, கைது எல்லாம் நடந்தன. அடுத்த மார்ச்சில் அது முடிந்தபோது கறுப்பினவியலுக்கு ஒரு துறையும், இனங்களைப் பற்றிய படிப்புகளுக்கென்று ஒரு கல்லூரியும் உறுதியாகியிருந்தன. ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், வுட்சனின் வாரத்தை மாதமாக்க வேண்டும் என்று 1969 பிப்ரவரியில் மாணவர்கள் கேட்டார்கள். அடுத்த ஆண்டே அங்கே கொண்டாடியும் விட்டார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபோர்டு அந்த மாதத்தை அங்கீகரித்தது 1976-இல். மாணவர்கள் ஆறு ஆண்டு முந்திக்கொண்டார்கள்.

இந்தக் கதை நம் கரையையும் தொட்டிருக்கிறது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்த ஹோவர்ட் தர்மன் 1935-இல் நட்புப் பயணமாகக் கொழும்பில் வந்து இறங்கினார். அங்கே சட்டக் கல்லூரியில் பேசி முடித்ததும் ஒருவர் அவரிடம் கேட்டார்: உங்கள் மக்களை அடிமைகளாக்கியவர்களின் மதத்தை நீங்கள் எப்படிப் பேச வந்தீர்கள்? அந்தக் கேள்வி தர்மனை விடவில்லை. 1949-இல் அவர் எழுதி வெளியிட்ட நூல் ஒருவகையில் அதற்கான பதில்தான். 1936-இல் பர்தோலியில் காந்தியையும் அவர் சந்தித்தார். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினத் தலைவரான மோர்டெகாய் ஜான்சன் பின்னர் இந்தியா வந்து திரும்பி, பிலடெல்ஃபியாவில் காந்தியைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்டுவிட்டு நேராகப் போய் காந்தியைப் பற்றிய புத்தகங்களை வாங்கிய மாணவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் மார்ட்டின் லூதர் கிங். 1959-இல் கிங்கே இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படித்த பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு, அது உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டதைப் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்.

பட்டம் பெறும் மாணவர்களே, உங்களில் பலர் உங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். உங்கள் தெருவின் பாட்டும், பாட்டி சொன்ன ஊர்க்கதையும், விடுதியில் நீங்கள் நடத்திய கையெழுத்து இதழும், போராட்ட நாளில் அச்சிட்ட துண்டறிக்கையும் இந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த அலமாரியில் இருக்கின்றன? இருந்தால், எந்தத் தலைப்பின் கீழ்? ஆய்வுக்குப் போகிறவர்கள் இதைத் தலைப்பாக எடுக்கலாம். வேலைக்குப் போகிறவர்கள் முதல் சம்பளத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி வாங்கி ஊருக்குப் போகலாம். ஆசிரியராகப் போகிறவர்கள் வகுப்பின் முதல் வாரத்திலேயே பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்கலாம்.

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த வாழ்த்துகள். விடுதி அறையைக் காலி செய்யும்போது பழைய காகிதக் கட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிரித்துப் பாருங்கள், வைக்க வேண்டியதை இங்கேயே கொடுத்துவிட்டுப் போங்கள்.