பொருந்தியும் இயங்காதது

சித்தூரில் என் மேசைக் கணினி ஒரு மாலை முழுவதும் ஊமையாகிக் கிடந்தது. மறுநாள் அலுவலகத்தில் தரவேண்டிய மொழிபெயர்ப்பு அதனுள்ளே இருந்தது. பிரதி எடுத்து வைக்காதது என் குற்றமே.

வேகம் போதவில்லையென்று, திருப்பதியில் எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசர் ஒன்றை வாங்கிவந்து, ஆறாம் தலைமுறைப் பிராசசரின் இடத்தில் பொருத்தினேன். அச்சாக அமர்ந்தது. பொத்தானை அழுத்தினேன், மின்விசிறி சுழன்றது, திரையோ இருண்டே இருந்தது. மின்தொடர்பை நீக்கிவிட்டு, பிராசசருக்குரிய தனி மின்கம்பியைச் சரிபார்த்தேன். நினைவகத் தகடுகளைக் கழற்றி மாட்டினேன். காசு போன்ற சிறு மின்கலத்தையும் எடுத்துப் போட்டேன். பயனில்லை. இறுதியில் பழைய பிராசசரையே வைத்தேன். உடனே உயிர் வந்துவிட்டது!

2015-இல் வந்த ஆறாம் தலைமுறைக்கும், 2017-இல் வந்த எட்டாம் தலைமுறைக்கும் தாங்கியின் எண் 1151 தான். ஆனால், ஆறு கருக்கள் வரை கொண்ட புதியதற்கு மின்சாரம் மிகுதியாக வேண்டியிருந்தமையால், முன்பு வெறுமனே கிடந்த சில தொடுமுனைகளுக்கு மின்பணி தரப்பட்டது. 'அவசரம்' என்பது தமிழில் விரைவையும் தெலுங்கில் தேவையையும் குறிப்பதை எங்கள் ஊரார் அறிவர். என்னிடம் இருந்தது தமிழ் அவசரம்!

அன்றிரவே மொழிபெயர்ப்பைப் பென்டிரைவில் பிரதி எடுத்தேன். பழைய பிராசசர் இருக்கும்போதே தாய்ப்பலகையின் பயாஸைப் புதுப்பித்தேன். மறுவாரம் திருப்பதிக்குச் சென்று, அப்பலகை ஏற்கும் ஏழாம் தலைமுறைப் பிராசசராக மாற்றிக்கொண்டேன். இம்முறை திரை ஒளிர்ந்தது.