‘என்று’ என்னும் சொல்லும் இரண்டு வீட்டுப் பிள்ளையும்



‘குழந்தை அழுதான்’ என்று நாம் எழுதுவதில்லை. ‘குழந்தை அழுதது’ என்றே எழுதுகிறோம். குழவி, மகவு முதலிய சொற்கள் உயர்திணையைச் சார்ந்தன ஆயினும் அஃறிணை முடிபு கொள்ளும் என்பதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் விளக்குகிறது. இலக்கணம் ஆண், பெண் என்று பிரிக்காது விட்டுவைக்கும் அக்குழந்தைக்கு, ‘ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் அப்படி’ என்னும் பாடத்தை முதலில் கற்பிப்பது வீடே. வீடு இரண்டானால் பாடமும் இரண்டாகலாம்.

மறுமணத்தால் இணைந்த குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்பறைகளுக்குப் புதியவர் அல்லர். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். வார நாள்களில் அவன் தாயோடும், தாயின் மறுமணக் கணவரோடும், அவருடைய மகளோடும் வாழ்கிறான். அங்கே உண்டவர் எல்லாரும் பாத்திரம் கழுவுவர். வார இறுதியில் தந்தை வீட்டுக்குச் செல்கிறான். ‘ஆம்பளப் புள்ளைக்கு அடுப்படியில என்ன வேலை?’ என்கிறார் அங்குள்ள பாட்டி. ஞாயிறு இரவு திரும்பி வந்தவன் தாயிடம் கேட்கிறான்: ‘பாட்டி சொல்றது சரியா, நீங்க சொல்றது சரியா?’

அவன் கேட்பது பாத்திரத்தைப் பற்றி மட்டுமன்று. தன் அன்புக்குரிய இருவருள் யாரைக் கைவிடுவது என்றும் கேட்கிறான். விடை சொல்லும் முன் மூன்று தொடர்களை நாம் வேறுபடுத்திக்கொள்ள வேண்டும்.

‘ஆண்கள் பாத்திரம் கழுவமாட்டார்கள்.’ இஃது உலக நடப்பைப் பற்றிய கூற்று. கண்ணால் கண்டு சரிபார்க்கலாம். ‘ஆண்கள் பாத்திரம் கழுவக் கூடாது.’ இது விதி. விதித்தவர் யார் என்பது தொடரில் இல்லை. ‘ஆண்கள் பாத்திரம் கழுவக் கூடாது என்று பாட்டி கருதுகிறார்.’ இது கருத்து. உரியவர் இன்னார் என்பது வெளிப்படை. மூன்றாம் தொடரைத் தாய் பொய்யின்றிச் சொல்லலாம். ‘நான் அப்படிக் கருதவில்லை, காரணம் இது’ என்று அடுத்த தொடரையும் சேர்க்கலாம். பாட்டியைப் பழிக்காமலே சிறுவனுக்குச் சிந்திக்க இடம் கிடைக்கிறது.

ஆயினும் ‘என்று’ தன்னளவில் நடுநிலை வகிப்பதன்று. ‘என்று கருதுகிறார்’ என்பதற்கும் ‘என்று பிதற்றுகிறார்’ என்பதற்கும் உள்ள தொலைவைப் பிள்ளைகள் உடனே உணர்வர். அதனினும் நுட்பமானது ‘ஆம்’ என்னும் இடைச்சொல். ‘மழை வருமாம்’ என்பதில் அது கேள்விப்பட்ட செய்தியை மட்டும் உணர்த்துகிறது. ‘ஆம்பளப் புள்ள கழுவக் கூடாதாம்!’ என்று குரலை ஏற்றிச் சொல்லும்போது அதுவே ஏளனமாகிவிடுகிறது. அவ்வேளையில் சிறுவன் தன் பாட்டிக்காக வெட்கப்படுகிறான். அல்லது தாயிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறான்.

வீட்டு நடைமுறையைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். ‘நாங்க இங்க எல்லாரும் கழுவுவோம்’ என்று மறுமணத் தந்தை சொன்னால், கேட்கும் சிறுவன் அந்த ‘நாங்கள்’ என்பதற்கு வெளியே நிற்கிறான். ‘நாம எல்லாரும் கழுவுவோம்’ என்றால் அவனும் உள்ளே வருகிறான். மலாய் மொழியிலும் ‘காமி’, ‘கித்தா’ என்னும் சொற்களுக்கிடையே இதே வேறுபாடு உண்டு. அண்மையில் இணைந்த குடும்பத்தில் இவ்வேறுபாடு இலக்கண நூலோடு முடிந்துவிடுவதில்லை.

இம்முறைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் கருத்தாக்கிவிட இயலாது. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனத்தின்கீழ் மணந்தோருள் கணவன், மனைவி இருவருக்கும் இல்லத்தை நடத்துவதில் சம உரிமை உண்டு. இது செய்தி, ‘என்று சிலர் கருதுகின்றனர்’ என்னும் வால் இதற்குத் தேவையில்லை. மற்றொன்று, இழிவுரையைக் கருத்தென்று ஒதுக்கிவிடலாகாது. ‘பொட்டப் புள்ள மாதிரி அழாதே’ என்னும் ஒரே தொடர் சிறுவனையும் புண்படுத்துகிறது. அருகிலிருந்து கேட்கும் சிறுமியையும் தாழ்த்துகிறது. திருநங்கையரைக் குறித்து வீசப்படும் ஏளனச் சொற்களும் இத்தகையனவே. அங்கே பெரியவர், ‘அழுவது தவறில்லை’, ‘அந்தச் சொல்லை நாம் சொல்வதில்லை’ என்று தம் நிலையை நேராகக் கூறவேண்டும்.

ஆசிரியர்கள் நேர்கூற்று, அயற்கூற்றுப் பாடத்தை நடத்தும்போது இதற்கும் சிறிது இடம் தரலாம். ‘பெண்கள் கணிதத்தில் பின்தங்குவர்’ போன்ற ஒரு தொடரைக் கரும்பலகையில் எழுதி, ‘இது செய்தியா, விதியா, கருத்தா? கருத்தாயின் யாருடையது?’ என்று கேட்கலாம். எந்தப் பிள்ளையின் வீட்டையும் சான்றுக்கு இழுக்க வேண்டியதில்லை. மாணவர்களே, வீட்டில் கேட்ட ஒன்றை மறுக்க நேரும்போது, சொன்னவருக்குரிய மரியாதை விகுதியைக் குறைக்காமல் மறுத்துப் பழகுங்கள். ‘பாட்டி அப்படிக் கருதுகிறார், நான் அப்படிக் கருதவில்லை’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, இரண்டு வீட்டிலும் உண்மை பேசலாம், இரண்டு வீட்டிலும் அன்போடு இருக்கலாம்.